சிவப்பு விளக்கை அணைத்துத் தரக் கோருதல்

சந்தனராஜுக்குக் கையேடு படிக்கிற வியாதி உண்டு. மிக்ஸி வாங்கினாலும் சரி, கொசு அடிக்கிற மட்டை வாங்கினாலும் சரி, அட்டைப்பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிக்காமல் பொருளைத் தொட மாட்டார். அவர் படித்து முடிப்பதற்குள் மனைவி வேலுத்தாய் அதே மிக்ஸியில் சட்னி அரைத்து, கழுவி, கவிழ்த்து வைத்திருப்பாள்.

ஆகையால் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த சார்ஜர் பெட்டியில் ஒருநாள் சாயங்காலம் சிவப்பு விளக்கு மூன்று முறை சிமிட்டி நின்று, மறுபடியும் மூன்று முறை சிமிட்டியபோது அவருக்கு முதலில் வந்தது கவலை அல்ல. படித்த பாடம் பரீட்சையில் வந்துவிட்ட சந்தோஷம்.

"மூணு சிமிட்டு. பக்கம் இருபத்தெட்டு. நில இணைப்பு இல்லை!" என்று வீட்டுக்குள் பார்த்துச் சொன்னார்.

"வண்டிக்குச் சார்ஜ் ஏறுதா இல்லையா, அதைச் சொல்லுங்க."

"ஏறலை."

"இதுக்கா இம்புட்டுக் குஷி?"

வண்டி என்றால் மாவு வண்டி. பின்னால் பெட்டி வைத்த மின்சார மூணு சக்கரம். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டு ஊர் அது. வேலுத்தாயின் இட்லி மாவுக்கு அங்கே நல்ல பேர். முதலாளி அவள், டிரைவர் இவர். அதற்கு முன்னால் சந்தனராஜ் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கடிதப் போக்குவரத்து பார்த்துக்கொண்டிருந்தார். பொருள், பார்வை, ஐயா என்று முறைப்படி எழுதிய கடிதத்துக்கு மசியாத காரியம் உலகத்தில் இல்லை என்பது அவர் கட்சி. அந்த ஆபீஸை மூடப் போகிறார்கள் என்று தெரிந்ததும், மூட வேண்டாம் என்று முதலாளிக்கு மூன்று பக்கம் எழுதினார். ஒரு பிழைகூட இல்லை என்று மனதாரப் பாராட்டிவிட்டுத்தான் முதலாளி ஆபீஸை மூடினார்.

சார்ஜர் கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டார். தேன் தடவிய தமிழில் இயந்திரப் பெண் பேசினாள்.

"வணக்கம் சந்தனராஜ் ஐயா. தங்கள் நில இணைப்பைக் காணவில்லை."

"எங்கம்மா போச்சு?"

"தகுந்த மின்பணியாளரை அணுகவும். வேறு ஏதேனும் உதவி தேவையா?"

"இல்லைம்மா, நன்றி," என்று சொல்லி வைத்த பிறகுதான் எதற்கு நன்றி சொன்னோம் என்று யோசித்தார்.

தகுந்த மின்பணியாளர் ஜெபசிங், அந்த வட்டாரத்துக்கே ஒரே எலக்ட்ரீசியன். வந்ததும் பெட்டியைப் பார்க்கவே இல்லை. காம்பவுண்டு ஓரமாகப் போய் எர்த் குழியின் மூடியைத் தூக்கினான். நடுவில் பூமிக்குள் இறங்கிய இரும்புக் குழாய். அதைச் சுற்றி மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

"விரல் நுழையுது பாருங்க அண்ணாச்சி. குழாய் மண்ணைத் தொடவே இல்லை. மூணு வருசமா மழை ஏமாத்திருச்சு. கரிசல் காய்ஞ்சா இப்படித்தான் வெடிக்கும். கசியிற கரண்டு மண்ணுக்குள்ள இறங்கணும்லா? இறங்க ஈரம் இல்லை."

"முன்னால இருந்த சார்ஜர் ஒண்ணும் சொல்லலையே தம்பி?"

"அது விவரம் கெட்டது. எர்த் இருந்தாலும் விடும், இல்லாட்டாலும் விடும். புதுச் சட்டம் வந்த பிறகு எர்த் இல்லாம ஒரு பொட்டியும் கரண்டு விடக் கூடாதுன்னு ஆக்கிட்டாங்க. குழியில தண்ணி ஊத்துங்க, பச்சை எரியும்."

தண்ணீர் ஊற்றுங்கள் என்று அவன் சுலபமாகச் சொல்லிவிட்டான். அந்த ஊரில் தண்ணீர் லாரியில் வந்தது. வீட்டுக்கு இத்தனை குடம் என்று அளந்து விட்டார்கள். குடிக்கிற தண்ணீரைக் குழியில் ஊற்றுகிறவனைத் தெரு சும்மா விடாது. சந்தனராஜ் ஒரு தாளை எடுத்து, யார் எவ்வளவு குறைத்துக் குடித்தால் எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் போட ஆரம்பித்தார். தம் பங்கை அவர் குறைத்த மாதிரி தெரியவில்லை.

வேலுத்தாய் அதற்குள் அரிசி களைந்த தண்ணீரை ஒரு வாளியில் தூக்கிக்கொண்டு போய்க் குழியில் கொட்டினாள். பின்னாலேயே உளுந்து ஊறிய தண்ணீர். அரை மணி நேரத்தில் பெட்டி பச்சைக்கு மாறியது.

"கையேட்டில் இது இல்லையே," என்றார் சந்தனராஜ், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

மறுவாரம் தெரு முழுக்கச் சிவப்பு சிமிட்டியது. இவர் வீட்டில் மட்டும் பச்சை. அடுத்தவர்களெல்லாம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து இவர் வாசலில் சார்ஜ் போட்டார்கள். சந்தனராஜ் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அமர்ந்து, ஒவ்வொருவருக்கும் பக்கம் இருபத்தெட்டை வாசித்துக் காட்டினார். எதிர்வீட்டுப் பாத்திரக்கடை கோமதிநாயகத்துக்குப் பொறுக்கவில்லை.

"என்னவே சந்தனம், உம்ம வீட்ல மட்டும் பச்சை எரியுது? கரண்டுக்கும் மாவு கொடுத்துக் கைக்குள்ள போட்டுட்டீரோ?"

"முறையாப் பராமரிக்கணும் அண்ணாச்சி."

"யாரு, நீரா பராமரிக்கீரு? வாளியைத் தூக்கினது உம்ம வீட்டுக்காரி. நீரு நாற்காலியில்லா தூக்கிப் போட்டீரு."

சிரிப்பு அடங்கியதும் தெரு ஒரு முடிவுக்கு வந்தது. இந்தச் சிவப்பு விளக்கு பெரிய ரோதனை. கம்பெனிக்கு எழுத வேண்டும். எழுத யார் இருக்கிறார்கள்? எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இந்தப் பார்வைக்காகத்தான் சந்தனராஜ் வேலை போன நாளிலிருந்து காத்திருந்தார்.

எழுதினார். 'பொருள்: மின்வாகன சார்ஜர்களில் சிவப்பு விளக்கு இடைவிடாது எரிவதால் ஏற்படும் இன்னல் குறித்தும், அதனை அணைத்துத் தரக் கோரியும்' என்று தொடங்கி, இன்னல்களை ஒன்று, இரண்டு என்று வரிசைப்படுத்தி, தெரு முழுக்கக் கையெழுத்து வாங்கி அனுப்பினார். படித்துப் பார்த்த கோமதிநாயகமே, "நறுக்குன்னு இருக்குவே," என்றுவிட்டார்.

விளக்கு எதைச் சொல்கிறது என்று அந்தக் கடிதத்தில் ஒரு வரி இல்லை. அது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை, எழுதினவர் உட்பட.

கடிதம் போய்ச் சில நாள் கழித்துப் பெட்டியில் மஞ்சள் விளக்கு வந்தது. சந்தனராஜ் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே உள்ளே 'தடார்' என்று ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், வேலுத்தாய் கிரைண்டருக்கு எட்டத்தில் தரையில் உட்கார்ந்து, வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"கடிச்சிருச்சு," என்றாள். "கல்லுல மாவு தள்ளப் போனேன். தோள்பட்டை வரைக்கும் இழுத்துருச்சு."

அவர் அங்கேயே நின்றார். கையேடு கையில் இருந்தது. தாம் என்ன செய்ய வேண்டும் என்று அதில் தேடலாமா என்று ஒரு கணம் நினைத்ததைப் பிற்பாடு அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஜெபசிங் மீட்டரோடு வந்தான். கிரைண்டரைப் பிரித்துப் பார்த்தான். அதில் ஒரு குறையும் இல்லை. குழியில் போய் அளந்து பார்த்தவன் அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணாச்சி, இது உங்க வீட்டுக் கரண்டு இல்லை."

"பின்னே?"

"தெருவுல இருக்கிற அம்புட்டு வீட்டுக் கசிவும் இங்க வருது. ஒரு வீட்டுல பழைய ஃபிரிட்ஜ், ஒரு வீட்டுல மோட்டார், எங்கயும் கொஞ்சம் கொஞ்சம் கசியத்தான் செய்யும். அதது அவங்கவங்க குழியில இறங்கிரும். இப்ப எல்லாக் குழியும் செத்துக் கிடக்கு. ஈரமா இருக்கிற குழி தெருவுலயே உங்களது ஒண்ணுதான். கம்பி வழியா எல்லாம் இங்க கிளம்பி வந்திருது. உங்க குழி தாங்காம, உங்க வீட்டு இரும்புலயும் ஏறி நிக்குது. மஞ்சள் எரிஞ்சது அதுக்குத்தான்."

"கசிஞ்சா விழுறதுக்குன்னு வீட்டுக்கு வீடு ட்ரிப்பர் இருக்குமே?"

ஜெபசிங் தலையைச் சொறிந்தான். "அது சும்மா சும்மா விழுதுன்னு சத்தம் போட்டாங்க. நான்தான் எல்லா வீட்லயும் அதைக் கழட்டிட்டு டைரக்ட் பண்ணி விட்டேன்."

"எங்க வீட்லயுமா?"

"உங்க வீட்லதான் முதல்ல. நீங்க மனுவா ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தீங்களே, மறந்துட்டீங்களா?"

சந்தனராஜ் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டு முடிவாகச் சொன்னார். "சரி. இனிமேக் குழியில ஒரு சொட்டு ஊத்தக் கூடாது. காயட்டும். அவங்க கரண்டு நம்ம வீட்டுக்கு வர வேண்டாம்."

வேலுத்தாய் கையை உதறிக்கொண்டே கேட்டாள். "நம்ம குழியும் காய்ஞ்சா, அது எங்க போவும் தம்பி?"

"எங்க ஈரம் கிடைக்குதோ அங்க அக்கா. யாராவது ஈரக்கையோட, வெறுங்காலோட எதையாவது தொட்டா அவங்க வழியா."

எதிர்வீட்டில் கோமதிநாயகத்தின் மகள் சொர்ணம் பேறுகாலத்துக்கு வந்திருந்தாள். பின்கட்டில் துணி துவைக்கிற இயந்திரம். சுற்றிலும் எப்போதும் நனைந்த சிமெண்டுத் தரை. மூன்று பேருமே அந்தப் பக்கம் பார்த்தார்கள்.

"ஊத்துறதை நிறுத்த வேண்டாம்," என்றாள் வேலுத்தாய். "நான் மரப்பலகை போட்டு அதுமேல ரப்பர் செருப்போட நின்னு அரைச்சுக்கிடுதேன். நீங்க தெருவுல எல்லாரையும் அவங்கவங்க குழியை நனைக்கச் சொல்லுங்க."

"கேப்பாங்களா?"

"கேக்காம என்ன? சிவப்பு எரியுதுல்லா. நனைச்சாத்தான் வண்டி ஓடும்."

அவள் சொன்னது சரியாக இருந்தது. சந்தனராஜ் வீடு வீடாகப் போய், பாத்திரம் கழுவின தண்ணீர், குளித்த தண்ணீர் எதுவானாலும் குழிக்குத் திருப்பிவிடச் சொன்னார். அவருக்காக யாரும் கேட்கவில்லை. விளக்குக்காகக் கேட்டார்கள். அந்தத் தெருவில் வாய்ச்சண்டை போட்டு மடக்க முடியாத ஒரே ஆள் அந்தச் சிவப்பு விளக்குதான். ஒவ்வொரு வீடாகப் பச்சைக்கு மாறியது. கிரைண்டரின் கடி குறைந்தது. முள் குத்துகிற அளவுக்கு வந்து, பிறகு எறும்பு ஊர்கிற அளவுக்கு இறங்கியது. இன்னும் நாலைந்து வீடு மட்டும் பாக்கி.

அந்த நேரம் பார்த்துத்தான் கம்பெனியிலிருந்து பதில் வந்தது.

ஒரு காலையில் தெருவில் இருந்த எல்லாப் பெட்டிகளும் தாமாகவே ஒருமுறை அணைந்து எரிந்தன. எரிந்தது பச்சை. குழி நனைந்த வீட்டிலும் பச்சை, நனையாத வீட்டிலும் பச்சை. அம்மன் கோவில் கொடைத் திருவிழா மாதிரி தெரு ஜொலித்தது. சந்தனராஜின் செல்போனில் செய்தி: 'தங்கள் மேலான கோரிக்கை ஏற்கப்பட்டது. தங்கள் பகுதியில் சிவப்பு விளக்கு இனி எரியாது. தங்கள் கடிதத்தின் தெளிவுக்கு நன்றி.'

தெளிவுக்கு நன்றி என்ற இடத்தை அவர் நாலு முறை படித்தார். நெஞ்சு விம்மியது. டீக்கடையில் கோமதிநாயகம் ஒரு துண்டு வாங்கிவந்து அவர் தோளில் போர்த்தினார்.

"உம்ம எழுத்துக்கு ஒரு பவர் இருக்குவே. பொம்பளைங்க வாளி தூக்கித் தூக்கி இடுப்பொடிஞ்சு கிடந்தாங்க. இன்னையோட விட்டது."

"ஆமா, விட்டது," என்று சிரித்துக்கொண்டு சொன்ன சந்தனராஜுக்கு டீயை வாயருகே கொண்டுபோகும்போதுதான் அந்த வார்த்தை உறைத்தது. விட்டது என்றால் வாளி தூக்குவதை விட்டுவிட்டார்கள். ஈரம் அப்படியே காய்ந்துவிடும். கம்பெனிக்காரன் எர்த்தைக் கண்டுபிடித்துத் தரவில்லை, தேடுவதை நிறுத்திவிட்டான். கேட்டதை அச்சுப்பிசகாமல் கொடுத்திருக்கிறான்.

அங்கேயே நின்று உதவி எண்ணைக் கூப்பிட்டார்.

"அம்மா, எங்க தெருவுல பச்சை விளக்கு எரியுது."

"மிக்க மகிழ்ச்சி ஐயா."

"மகிழ்ச்சி இல்லைம்மா. பழையபடி சிவப்பு எரியணும்."

"தங்கள் சாதனத்தில் குறைபாடு ஏதும் இல்லை. பச்சை விளக்கு குறித்துப் புகார் பதிவு செய்ய இயலாது. வேறு ஏதேனும் உதவி தேவையா?"

இந்த முறை நன்றி சொல்லவில்லை.

நாலாம் நாள் கிரைண்டர் மறுபடி கடிக்க ஆரம்பித்தது. பலகையையும் மீறி உள்ளங்கையில் சுருக் சுருக்கென்று இறங்கியது. வேலுத்தாய் மாவைத் தள்ள ஒரு நீளமான மரக்கரண்டியை எடுத்துக்கொண்டாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் சந்தனராஜ் தெருவில் இறங்கினார்.

"குழியை நனைங்க, ஆபத்து," என்றார் ஒவ்வொரு வாசலிலும்.

"பச்சை எரியுதே அண்ணாச்சி!"

"அது பொய்."

"அதை வாங்கிக் கொடுத்ததே நீங்கதானே?"

வீட்டு மேசை டிராயரில் கிடந்த டெஸ்டரை எடுத்து வந்தார். திருப்புளி மாதிரி இருக்கும், பிடிக்குள் பொட்டு பல்பு. கரண்டு இருக்கிற இடத்தில் முனையை வைத்து, மறுமுனையை விரலால் தொட்டால் சிவப்பாக எரியும். எதற்கும் மசியாத கோமதிநாயகம் வீட்டுக்கே முதலில் போனார். ஃபிரிட்ஜின் கைப்பிடியில் வைத்தார். எரியவில்லை. துணி துவைக்கிற இயந்திரத்தில் வைத்தார். எரியவில்லை.

"உம்மகிட்ட எதுவே எரியும்?" என்றார் கோமதிநாயகம். சொர்ணம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வெளியே வந்து ஜெபசிங்கைப் போனில் பிடித்தார்.

"செருப்புப் போட்டுக்கிட்டு நின்னா எப்படி அண்ணாச்சி எரியும்? கரண்டு உங்க வழியாத்தான் மண்ணுக்குப் போகணும். அந்தச் சின்ன வெளிச்சம் உங்க உடம்புல ஓடுறதுதான்."

"அப்ப ஈரத்துல வெறுங்காலோட நிக்கணுமா?"

"டெஸ்டர் நல்லா இருந்தா ஒண்ணும் செய்யாது. அதுக்குள்ள தடுப்பு இருக்கு."

"டெஸ்டர் நல்லா இருக்கான்னு எப்படித் தெரியும்?"

ஜெபசிங் கொஞ்சம் யோசித்தான். "நின்னு பாத்தாத் தெரியும்."

சந்தனராஜ் ஐந்து நிமிடம் தெருவில் நின்றார். தைரியம் என்பது அவருக்குக் கடிதத்தில் மட்டும் வருகிற சரக்கு. 'இதன்மூலம் எச்சரிக்கிறேன்' என்று எத்தனை பேருக்கு எழுதியிருக்கிறார்! நேரில் ஒரு நாயைக்கூட எச்சரித்தது கிடையாது. வீட்டுக்குள்ளிருந்து கிரைண்டர் ஓடுகிற சத்தம் தெருவரைக்கும் கேட்டது. செருப்பைக் கழற்றி எதிர்வீட்டு வாசலில் விட்டார்.

"மறுபடியுமா?" என்றார் கோமதிநாயகம்.

"ஒரு செம்புத் தண்ணி வேணும் அண்ணாச்சி."

"குடிக்கவா?"

"கால்ல ஊத்த."

"என்னவே, மாப்பிள்ளை அழைப்பா நடக்குது?"

பின்கட்டில், இயந்திரத்தைச் சுற்றிய சிமெண்டை ஒட்டிய மண்தரையில் போய் நின்றார். கோமதிநாயகம் முணுமுணுத்துக்கொண்டே ஒரு செம்பு நீரை அவர் பாதத்தில் ஊற்றினார். மண் 'சுர்' என்று உறிஞ்சியது. சந்தனராஜ் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு டெஸ்டரை இயந்திரத்தின் தகரத்தில் வைத்தார். கண்ணை மூடியிருந்ததால் எரிந்ததை அவர் பார்க்கவில்லை. கோமதிநாயகத்தின் குரலைத்தான் கேட்டார்.

"கையை எடுவே! எடுவே, எடுத்துத் தொலையும்!"

கண்ணைத் திறந்தபோது சொர்ணம் துணிக் கூடையோடு வாசல்படியில் நின்றிருந்தாள். அவள் கால் இரண்டும் ஈரமாக இருந்தன. கோமதிநாயகம் குறுக்கே பாய்ந்து மகளைக் கையால் தடுத்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே போய், அன்றைக்கு லாரியில் பிடித்த குடிதண்ணீர்க் குடத்தைத் தூக்கிவந்து குழியில் கவிழ்த்தார். பிறகு இன்னொன்று.

அன்று பகல் முழுக்கச் சந்தனராஜ் வீடு வீடாகப் போனார். செம்பு செம்பாகக் காலில் தண்ணீர் விழுந்தது. 'ஆசீர்வாதம் பண்ணுங்க சாமி' என்று ஒருவர் காலில் விழப் போனார். எல்லா வீட்டிலும் பொட்டு வெளிச்சம் எரிந்தது, ஒவ்வொரு தடவையும் அவர் கண்ணை மூடினார். அந்த வெளிச்சத்தைத் தெருவில் பார்க்காதவர் அவர் ஒருவர்தான். சாயங்காலம், குழிகளெல்லாம் நனைந்த பிறகு, அதே வீடுகளுக்கு மறுபடி போனபோது எங்கேயும் எரியவில்லை. "எங்க வீட்ல எரியலையே, சரியாப் பாருங்க!" என்று ஒரு வீட்டு அம்மாள் குறைப்பட்டுக்கொண்டாள். எரியாததுதான் நல்லது என்று விளக்குவதற்குள் அவருக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது.

வீடு திரும்பும்போது கிரைண்டரில் உளுந்து ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் செருப்பை விட்டுவிட்டு, சமையற்கட்டின் ஈரத்தரையில் நின்று டெஸ்டரை எடுத்தார். எத்தனையோ வீட்டில் நின்றாகிவிட்டது, இந்த ஒரு இடத்தில் அதை வைக்க முடியவில்லை.

வேலுத்தாய் திரும்பிப் பார்த்தாள். மரக்கரண்டியைக் கீழே வைத்தாள். பலகையை விட்டு இறங்கினாள். ரப்பர் செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினாள்.

"கொண்டாங்க இங்க."

"வேண்டாம், நான் பாக்கேன்."

"நீங்க பாக்க மாட்டீங்க. கண்ணை மூடிருவீங்க. சொர்ணம் சொல்லிட்டா."

அவர் கையிலிருந்து பிடுங்கி, வெறுங்காலோடு ஈரத்தில் நின்று, ஓடுகிற கிரைண்டரின் மேல் முனையை வைத்துக் கட்டைவிரலால் அமுக்கினாள். சந்தனராஜ் கண்ணை மூடவில்லை. பல்பு கறுப்பாகவே இருந்தது. அவள் இடம் மாற்றி வைத்தாள். அப்போதும் கறுப்பு.

எரியாத ஒரு பல்பைப் பார்த்துக் கண் கலங்குகிற ஆள் தாம் ஒருவராகத்தான் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. இதை யாருக்காவது முறைப்படி எழுத வேண்டும் என்று வாயெடுத்தார். பொருள் என்ன என்று போடுவது?

"நின்னுக்கிட்டே இருந்தா?" என்றாள் வேலுத்தாய், டெஸ்டரை இடுப்பில் செருகிக்கொண்டு. கையை மாவுக்குள் விட்டுத் தள்ள ஆரம்பித்திருந்தாள். "களைஞ்ச தண்ணி வாளியில நிரம்பிக் கிடக்கு. குழியில ஊத்திட்டு வாங்க."